பள்ளிக்கூடக் கூட்டத்தை அமாவாசையில் வையுங்கள்!

பள்ளிக்கூடச் சுவர் விழுந்தால் செய்தி. சத்துணவு அரிசி மூட்டை காணாமல் போனால் செய்தி. பூட்டை உடைத்து டி.வி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் செய்தி. போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, தீயணைப்பு நிலையம் என்று தினமும் சுற்றி வருகிற என் போன்ற நிருபர்களுக்குப் பள்ளிக்கூடம் அப்படித்தான் கண்ணில் படுகிறது.

சுவர் விழாமல் நிற்கிற பள்ளிக்கூடத்தைப் பற்றி யாராவது எழுதுகிறோமா? கிடையாது!

இன்றைக்கு எழுதப்போவது அதைப் பற்றித்தான். காஞ்சீபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே கூரம், அந்த ஊரையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். பட்டுச் சேலை நெய்கிற ஊர்களுக்கு எல்லாம் இது பொருந்தும்.

விஷயம் சின்னது. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் போடுகிறார்களே, அதை எந்த நாளில், எத்தனை மணிக்குப் போடுவது?

இது ஒரு பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். பெரிய விஷயம்தான்!

கோர்வைத் தறியில் இரண்டு பேர்

காஞ்சீபுரம் பட்டுச் சேலையின் பெருமையே கோர்வைதான். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே கோர்த்து நெய்வார்கள். இழுத்தாலும் கரை பிரிந்து வராது. இதற்கு நாடா மூன்று வேண்டும். உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கத்துக் கரைக்கும் ஆளுக்கொன்று. நெசவாளி ஒருவரே மூன்றையும் ஓட்ட முடியாது. குழியில் காலை விட்டு அவர் மிதிக்கிறபோது, பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவை வாங்கி வாங்கிப் போட வேண்டும்.

அந்த இன்னொரு ஆள் யார்?

இன்றைக்குப் பெரும்பாலும் வீட்டுக்காரம்மா. ஒரு காலத்தில் பிள்ளைகள்!

பத்து வயதுப் பையன், எட்டு வயதுப் பெண். கரைக்கு உட்காரப் பெரிய பலம் வேண்டியதில்லை, விரல் சுறுசுறுப்பாக இருந்தால் போதும் என்று கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். அப்பன் கை நீட்டி வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளையை அடுத்த வீட்டுத் தறியில் விட்ட கதையும் உண்டு. கடன் அடைகிறவரை பிள்ளை அங்கேதான். 1976ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சட்டம் வந்ததே தவிர, பிள்ளை தறியை விட்டு எழுந்திருக்க இன்னும் பல வருஷம் ஆயிற்று. 2003ல் கூட பட்டுத் தொழிலில் பிள்ளைகளின் கொத்தடிமை வேலை பற்றி மனித உரிமை கண்காணிப்பகம் என்ற சர்வதேச அமைப்பு ஒரு அறிக்கை போட்டது. அதில் காஞ்சீபுரமும் இருந்தது. வெட்கக்கேடு!

பிறகு அதிகாரிகள் வீடு வீடாகப் போனார்கள். தொண்டு நிறுவனங்கள் போயின. தறியிலிருந்து வந்த பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் வைத்துப் பாடம் சொல்லி, பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். இன்றைக்குக் காலையில் தறிச் சத்தம் கேட்கிற தெருவிலிருந்து பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு போவதைப் பார்க்கிறோமே, அது சும்மா வந்தது இல்லை.

பிள்ளை எழுந்த இடத்தில் தாய் உட்கார்ந்தாள். இதை மறந்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு நேரம் குறிக்கிறார்கள்!

வெள்ளிக்கிழமை மூன்று மணி

2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டப்படி அரசுப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும். குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன தேவை என்று திட்டம் போடுவது, வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது, எல்லாம் இவர்கள் பொறுப்பு. ஊர்க்காரன் கையில் இவ்வளவு அதிகாரத்தை எழுதிக் கொடுத்த சட்டம் அதிகம் இல்லை ஐயா!

2022ல் தமிழ்நாடு முழுவதும் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். மாதாமாதம் கூட்டம் என்றார்கள். நல்ல காரியம். எப்போது? மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு!

ஆபீசில் உட்கார்ந்து யோசித்தால் இது நல்ல நேரம்தான். வாத்தியார்கள் பள்ளியில் இருப்பார்கள். பிள்ளைகளும் இருப்பார்கள். கூட்டம் முடிந்ததும் அம்மா பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போகலாம்.

தறி வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். அம்மா எழுந்தால் அவள் வேலை மட்டுமா நிற்கிறது? புருஷன் வேலையும் நிற்கிறது. கரைக்கு ஆள் இல்லாமல் அவர் எதை நெய்வார்? சேலைக் கணக்கில் கூலி. ஒரு சேலை முடியப் பத்து நாள், பதினைந்து நாள் ஆகும். வெளிச்சம் நன்றாக இருக்கிற மத்தியான நேரத்தில் இரண்டு மணி நேரம் தறி நின்றால் சேலை ஒரு நாள் தள்ளிப்போகும். சேலை தள்ளிப்போனால் கூலியும் தள்ளிப்போகும்.

வயல் வேலைக்குப் போகிற அம்மாவுக்கும் இதே கதைதான். கம்பெனி வேனில் போகிற அம்மா மூன்று மணிக்கு எங்கே இருப்பாள் என்று சொல்லவே வேண்டாம்.

அப்புறம் என்ன நடக்கும்? வருகிறவர்கள் வருவார்கள். கையெழுத்து வாங்குவார்கள். வராதவர் வீட்டுக்கு நோட்டுப் போகும். "அம்மா, மிஸ் கையெழுத்துக் கேட்டாங்க" என்று பிள்ளை நீட்டும். தறியில் உட்கார்ந்தபடியே அம்மா கையெழுத்துப் போடுவாள். தீர்மானம் நிறைவேறியது!

எல்லா ஊரிலும் இப்படி என்று சொல்லவில்லை. நன்றாக நடக்கிற ஊர்களும் உண்டு. ஆனால் நோட்டு எந்தெந்தத் தெருவுக்குப் போகிறது என்று ஊரில் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

அமாவாசைதான் சரி

நெசவாளிக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. அவருக்கு லீவு அமாவாசை. அன்றைக்குப் பல தறி வீடுகளில் தறியில் இறங்க மாட்டார்கள். வீட்டைக் கழுவி, தறிக்குப் பொட்டு வைத்து, சாமி கும்பிட்டுவிட்டு, மத்தியானம் திண்ணையில் உட்காருவார்கள். அப்பாவும் வீட்டில், அம்மாவும் வீட்டில். அன்று சாயந்திரம் பள்ளிக்கூட வாசலில் கூட்டம் என்று தண்டோரா போடுங்கள், கூட்டம் வருகிறதா இல்லையா பாருங்கள்!

மாதம் ஒரு கூட்டம் என்பது சர்க்கார் கணக்கு. அமாவாசையும் பெரும்பாலும் மாதத்துக்கு ஒன்றுதான். இதைவிடப் பொருத்தம் வேறு என்ன வேண்டும்?

வாத்தியார்களும் டீச்சர்களும் முணுமுணுப்பார்கள், தெரியும். காஞ்சீபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்கள் அவர்கள். ஆறு மணிக்குக் கூட்டம் என்றால் வீட்டுக்குப் போக எட்டு மணி ஆகிவிடும், அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு. நியாயமான பேச்சு. அன்றைக்குக் காலையில் முறைபோட்டு இரண்டு மணி நேரம் தாமதமாக வர விடுங்கள். இல்லாவிட்டால் எல்லாரும் தங்க வேண்டாம், தலைமை ஆசிரியரும் இன்னொருவரும் இருந்தால் போதும். இதற்கெல்லாம் சட்டத்தைத் திருத்த வேண்டாம். கலெக்டரும் கல்வி அதிகாரியும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும்.

"அமாவாசையா? இது பள்ளிக்கூடமா, கோயிலா?" என்று கேட்கிறவர்களும் இருப்பார்கள். சாமிக்காகச் சொல்லவில்லை ஐயா, தறி நிற்கிற நாள் என்பதற்காகச் சொல்கிறேன். தறி இல்லாத ஊரில் அந்த ஊருக்கு எந்த நாள் ஓய்வோ அந்த நாளில் வையுங்கள்.

நம்ம மாவட்டத்துக்காரர் செய்து காட்டியது

ஊர் சேர்ந்தால் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்பதற்கு வேறு மாநிலத்துக்குப் போய் உதாரணம் தேட வேண்டாம்.

நெய்யாடுபாக்கம் என்று காஞ்சீபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். 1912ல் அங்கே பிறந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. காமராஜர் முதல்மந்திரியாக இருந்தபோது சென்னை ராஜ்யத்துக் கல்வி இயக்குநர். அவர் வந்தபோது எப்படிப்பட்ட நேரம் தெரியுமா? ராஜாஜி ஆட்சியில் 1953ல் கிராமப் பள்ளிகளில் அரை நாள் படிப்பு, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டம் வந்து, நாடே கொந்தளித்து, 1954ல் காமராஜர் அதை எடுத்திருந்தார். தறி வீட்டில் அந்தத் திட்டம் நீடித்திருந்தால் மீதி நேரம் பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

மூடிய பள்ளிகளைத் திறக்க வேண்டும். புதுப் பள்ளிகள் கட்ட வேண்டும். கஜானாவில் பணம் இல்லை. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போனார். பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று நடத்தினார். 1958ல் முதல் மாநாடு நடந்தது கடம்பத்தூரில். இன்றைக்கு அது திருவள்ளூர் மாவட்டம், அன்றைக்கு நம்ம செங்கல்பட்டு ஜில்லா. மாநாட்டில் மந்திரிகள் மாலை போட்டுக்கொண்டு போனதோடு முடியவில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கு பெஞ்சு வேண்டும், கரும்பலகை வேண்டும், தண்ணீர்ப் பானை வேண்டும், சுற்றுச்சுவர் வேண்டும் என்று முதலிலேயே பட்டியல் போட்டு, யார் எதைத் தருகிறார்கள் என்று ஊரிலேயே முடிவு செய்தார்கள். நிலம் கொடுத்தவர் உண்டு, மரம் கொடுத்தவர் உண்டு. காசு இல்லாதவன் மண் சுமந்தான். 1956ல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்திலும் ஊர் பங்கு இருந்தது.

அந்தக் கூட்டங்களை எல்லாம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, கையெழுத்து நோட்டோடு நடத்தியிருந்தால் ஒரு பெஞ்சாவது வந்திருக்குமா?

கூரத்துக்கு இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் பரமேசுவரவர்மன் என்ற பல்லவ ராஜா கொடுத்த செப்பேடு ஒன்று கூரத்தில் கிடைத்தது. ஒரு ஊரை 25 பங்காகப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அதில் ஒரு பங்கு மண்டபத்தில் பாரதம் படித்துச் சொல்கிறவருக்கு. இன்னொரு பங்கு அதே மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் வைக்கிறவருக்கு! படிக்கிற இடத்தில் குடிக்கத் தண்ணீரும், ராத்திரியில் வெளிச்சமும் வேண்டும் என்று 1300 வருஷத்துக்கு முந்தியே பங்கு எழுதி வைத்த ஊர் இது. பாரதத்துக்குத்தானே, பள்ளிக்கூடத்துக்கு இல்லையே என்பீர்கள். வாஸ்தவம். அன்று எல்லா சாதிப் பிள்ளைகளும் உட்கார்ந்து படிக்கிற பள்ளிக்கூடம் எங்கே இருந்தது? இன்று இருக்கிறது. அதனால் இன்று தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் இன்னும் அதிகம் அக்கறைப்பட வேண்டும்.

கூட்டத்துக்கு வந்தால் என்ன பேசுவார்கள்?

கும்பகோணத்தை மறந்துவிட்டோமா? 2004 ஜூலை 16. சமையல் கொட்டகையில் பிடித்த தீ கீற்றுக்கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் செத்தார்கள். தமிழ்நாடே அழுதது. திருநெல்வேலியில் 2021 டிசம்பர் 17ந்தேதி பள்ளிக்கூடக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு பழைய கட்டடங்களை எல்லாம் இடியுங்கள் என்று உத்தரவு பறந்தது.

விழுகிற சுவர் ராத்திரியோடு ராத்திரியாக விழுவதில்லை. முதலில் விரிசல் விடும். அதை யார் முதலில் பார்ப்பார்கள்? என்ஜினீயரா? வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவர் அவர். தினமும் அந்தச் சுவர் ஓரத்தில் விளையாடுகிற பிள்ளைதான் முதலில் பார்க்கும். வீட்டில் வந்து சொல்லும். அம்மாவுக்குத் தெரியும். அம்மா அதைச் சொல்வதற்குத்தான் கூட்டம்!

இன்னொன்று. ராத்திரியானால் பள்ளிக்கூட மைதானத்தில் குடிக்கிற கூட்டம் பல ஊரில் உண்டு. திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் உடைந்த பாட்டிலைப் பொறுக்கிவிட்டுத்தான் பிரேயருக்கு நிற்கிறார்கள். ஸ்டேஷனில் புகார் கொடுக்கத் தலைமை ஆசிரியருக்குத் தயக்கம். குடிக்கிறவன் உள்ளூர்க்காரன், வாத்தியார் வெளியூர்க்காரர். நாளைக்கு வழியில் மடக்கினால் என்ன செய்வது? ஆனால் நாற்பது தாய்மார் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் "ராத்திரி குடிக்கிறது யாரு?" என்று ஒருத்தி எழுந்து கேட்டால் போதும். குடித்தவனின் அம்மாவே அங்கே உட்கார்ந்திருப்பாள்!

காலைச் சிற்றுண்டி விஷயமும் இருக்கிறது. 2022 செப்டம்பர் 15ந்தேதி மதுரையில் தொடங்கிய திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. விடிகாலையில் தறிக்கு உட்காருகிற வீட்டில் காலை அடுப்பு தாமதமாகத்தான் எரியும். பிள்ளை வெறும் வயிற்றோடு ஓடும். இப்போது பள்ளிக்கூடத்தில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சூடாகக் கிடைக்கிறது. சமைப்பவர்கள் சுய உதவிக்குழுப் பெண்கள், அதே ஊர்க்காரர்கள். உப்பு கூடியதா, சாம்பாரில் பருப்பு இருந்ததா, எந்த நாள் சாப்பாட்டைப் பிள்ளை தொடவே இல்லை என்று பேச வேண்டியவர்கள் யார்? சாப்பிட்ட பிள்ளையின் அம்மாவும் சமைத்த அம்மாவும்தான். சண்டை வந்தாலும் பரவாயில்லை. நேருக்கு நேர் பேசினால் அடுத்த வாரம் சாம்பார் கெட்டியாகும்!

கோர்வை நெய்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கரைக்கு ஆள் கிடைக்கவில்லை, பிள்ளைகள் படிக்கப் போய்விட்டார்கள் என்று சில முதலாளிகள் அலுத்துக்கொள்கிறார்கள். பிள்ளை படிக்கப் போனது குற்றமா? இரண்டு ஆளுக்குக் கட்டுப்படியாகிற கூலி கொடுத்துப் பாருங்கள், ஆள் வருகிறதா இல்லையா என்று!

அது தனி வழக்கு, இன்னொரு நாள் எழுதுகிறேன். இப்போது கலெக்டர் ஐயாவிடம் கேட்பது ஒன்றுதான். கூரம் சுற்றுவட்டாரத்தில் இரண்டு மூன்று பள்ளிகளில் மட்டும், மூன்றே மூன்று மாதம், கூட்டத்தை அமாவாசைச் சாயந்திரம் ஆறு மணிக்கு வைத்துப் பாருங்கள். கூட்டம் முடிந்து வாத்தியார்கள் காஞ்சீபுரம் போக ஒரு பஸ் நிற்கட்டும். கையெழுத்து நோட்டை மட்டும் வீடுகளுக்கு அனுப்பாதீர்கள்.