பெங்களூரில் தொழிற்சாலை, பலாலியில் முள்வேலி

யாழ்ப்பாணத்துப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டும் பெயர்கள் தலைமுறைக்குத் தலைமுறை மாறி வந்துள்ளன. முதலில் அப்புக்காத்துமாரின் பெயர்கள். அதன்பின் டாக்டர்மாரும் எஞ்சினியர்மாரும். இன்றோ மேல்நாடுகளிலே கம்பனிகளை நிறுவி நடத்துகின்றவர்கள். இவ்வரிசையில் பேராசிரியர் சிவலிங்கம் சிவானந்தனின் பெயர் முன்நிற்பது. பேராதனையிலே பௌதிகம் பயின்ற இந்த யாழ்ப்பாணத் தமிழர், 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்று, சிக்காகோவிலுள்ள இல்லினோய் பல்கலைக்கழகத்தில் 1988இல் கலாநிதிப் பட்டம் பெற்று, அங்கேயே பேராசிரியராகவும் ஆய்வுகூடத் தலைவராகவும் அமர்ந்தார். 1998இல் 'எப்பீர்' என்னும் கம்பனியைத் தொடங்கினார். இருளிலே காணும் கண்ணைச் செய்வதே அக்கம்பனியின் தொழில். அதன் முதன்மையான தேவைக்காரர் அமெரிக்கப் படையினர். குடியேறி வந்து புதியன படைத்தோர் வரிசையில் அவரையும் வைத்து 2013இல் வெள்ளை மாளிகை கௌரவித்தது.

எம்மவர் ஒருவர் இவ்வளவு உயர்ந்தார் என்று கேட்டு மகிழாத தமிழர் இருக்க முடியாது. நாமும் மகிழ்கின்றோம். ஆனால் மகிழ்ந்தவுடன் பேச்சை முடித்துவிடுவது எமது சமூகத்தின் பழைய வழக்கம். பொன்னாடை போர்த்தியாயிற்று, படம் பிடித்தாயிற்று, இனி அடுத்த கூட்டம் என்று எழுந்து போய்விடுகின்றோம். அந்த வாழ்க்கை எமக்குக் காட்டுவது என்ன என்று இருந்து சிந்திப்பார் சிலரே.

முதலில் தொழிலைப் பார்ப்போம். உலகிலுள்ள ஒவ்வொரு பொருளும் தன் வெப்பத்துக்கேற்பக் கண்ணுக்குப் புலனாகாத கதிரை வீசிக்கொண்டிருக்கிறது. மனித உடலும் வீசுகிறது. ஓடி நின்ற மோட்டார் வண்டியும் வீசுகிறது. இந்த அகச்சிவப்புக் கதிரை உணரவல்ல படிகம் ஒன்றை, பாதரசமும் காட்மியமும் தெலூரியமும் சேர்த்துச் செய்யலாம் என்பதை 1959இல் இங்கிலாந்தின் மோல்வேர்ன் நகரிலிருந்த அரசாங்க ராடர் ஆய்வு நிலையத்தார் வெளியிட்டனர். காட்மியத்தின் பங்கைக் கூட்டியும் குறைத்தும், வேண்டிய அலைநீளத்துக்கு அப்படிகத்தை இசைவாக்கலாம். சொல்வது எளிது, குற்றமின்றிச் செய்வதோ அரிது. காற்றெல்லாம் நீக்கிய கலத்திற்குள், தறியிலே இழைமேல் இழை அடிப்பது போல, அணுவடுக்கின்மேல் அணுவடுக்காகப் படியவைத்து அதனை வளர்த்தல் வேண்டும். விலையுயர்ந்த சிறு படிகத் துண்டின்மேல் வளர்த்து வந்ததை மலிவான பெரிய சிலிக்கன் தட்டின்மேல் வளர்ப்பதற்கான ஆராய்ச்சியில் சிவானந்தனுடைய கூட்டத்தார்க்குப் பெரும் பங்குண்டு.

இத்தகைய பொருளை யார் வாங்குவார்? சந்தையிலே போட்டு விற்கமுடியாது. பத்தாண்டு உழைத்து ஒரு தட்டை நிறைவாகச் செய்யும்வரை பொறுத்திருந்து பணம் கொடுக்கும் கொள்வோன் ஒருவன் வேண்டும். அமெரிக்காவில் அந்தக் கொள்வோன் அரசாங்கம். அதனிலும் பாதுகாப்புத் திணைக்களம். ஆகாயக் கப்பலும் ராடரும் உணர்கருவியும் செய்து கோடீசுவரர் ஆனோருட் பெரும்பாலோர் அந்தப் பொறுமையான கொள்வோனின் நிழலிலேயே வளர்ந்தவர்கள். இதனை நாம் மறந்துவிட்டு, 'திறமை இருந்தாற் போதும்' என்று பிள்ளைகளுக்குப் போதிப்பது அரைகுறை உண்மை.

மறு உண்மையையும் இவ்விடத்திற் சொல்லாதிருக்க முடியாது. படைக்கலத் தொழிலைப் புகழும்போது எமது நாக்குச் சற்றுத் தடுமாறுகிறது. 1980களிலே இத்தாலிய மார்ச்செட்டி விமானங்களும், 1996 முதல் இஸ்ரேலியக் கிபீர் விமானங்களும் இத்தீவின் வடக்கு வானில் என்ன செய்தன என்பதை இந்தப் பத்திரிகையை வாசிப்போர்க்கு நாம் விளக்கத் தேவையில்லை. 1995 ஜூலை 9ஆந் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலே தஞ்சம் புகுந்திருந்தோர்மீது குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அக்குண்டைச் செய்தவனும் ஒரு தொழில் அதிபன். அவனுடைய வாழ்க்கை வரலாறும் எங்கோ ஒரு நகரில் மேடையேறிப் புகழப்பட்டிருக்கும். இருளிலே காணும் கண்ணுக்கு, தான் காண்பது துப்பாக்கி ஏந்தியவனையா, குழந்தையைத் தோளிற் போட்டுக்கொண்டு வயல் வரம்பிலே ஓடுகின்ற தாயையா என்று தெரியாது. இதனைச் சொல்வதால் சிவானந்தன்மீது குற்றஞ் சாட்டுகின்றோம் அல்லோம். அதே படிகம் மழைமேகத்தை நோக்கும் விண்கோள்களிலும் இருக்கிறது. 2021இல் விண்ணுக்கேறிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியிலும் இருக்கிறது. ஆயினும், எம் பிள்ளை ஒருவன் அத்தொழிலுக்குச் செல்லும்போது, 'சம்பளம் எவ்வளவு?' என்று கேட்கும் அதே வாயால், 'இதனை வாங்குவோன் யார், எதற்கு?' என்றும் கேட்கக் கடமைப்பட்ட மக்கள் நாம். குண்டு விழுந்த ஊரார் கேளாத கேள்வியை வேறு யார் கேட்பார்?

இனி, இப்படியொரு தொழில் இங்கே எழுந்திருக்க முடியுமா என்ற வினாவுக்கு வருவோம். முடியாது என்று சொல்லிவிட்டு, 'எமக்கு மண்ணிலே என்ன வளம் இருக்கிறது?' என்று கையை விரிப்போர் பலர். அவர்களுக்கு அயல்நாட்டுச் செய்தியொன்றை நினைவூட்ட விரும்புகின்றோம்.

வால்சந்த் ஹீராசந்த் என்பவர் 1882இல் சோலாப்பூரிலே பிறந்த வணிகர். புகையிரதப் பாதை அமைக்கும் ஒப்பந்தகாரராய்த் தொடங்கி, 1919இல் சிந்தியா கப்பற் கம்பனியை நிறுவி, வெள்ளையரின் கப்பல் ஏகபோகத்தை எதிர்த்து நின்றவர். 1939இல் ஆகாயப் பிரயாணம் ஒன்றின்போது, சீனாவிலே விமானத் தொழிற்சாலை நடத்திய வில்லியம் போலி என்ற அமெரிக்கரைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பிலிருந்து எழுந்ததே விமானத் தொழிற்சாலை எண்ணம். அவருடைய கப்பல்கள் பம்பாயில், பணமும் பம்பாயில். ஆனால் தொழிற்சாலை எழுந்ததோ பெங்களூரில். ஏன்?

மைசூர்ச் சமஸ்தானத்தின் திவான் சேர் மிர்ஸா இஸ்மாயில், நிலம் தருகிறேன், முதலில் பங்கு தருகிறேன், மின்சாரம் தருகிறேன் என்று முன்வந்தார் என்பதே காரணம். சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியின் மின்சாரம் அங்கே 1902 முதலே ஓடிக்கொண்டிருந்தது. 1909இல் எழுந்த விஞ்ஞானக் கழகம் அங்கே இருந்தது. 1942இல் அக்கழகத்திலே விமான எஞ்சினியரிங் பகுதியும் திறக்கப்பட்டது. 1940 டிசம்பரில் இந்துஸ்தான் விமானக் கம்பனி பதிவாயிற்று. 1941 ஆகஸ்டில் அங்கே பொருத்திய முதல் பயிற்சி விமானம் பறந்தது. எட்டு மாதம்! வெள்ளைக்கார அரசாங்கம் முதலிற் பாராமுகமாயிருந்து, போர் நெருக்கிய பின் விமானங்களுக்குக் கட்டளை கொடுத்து, 1942இல் தொழிற்சாலையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது வேறு கதை. வால்சந்த் அதனால் மனம் நொந்தார் என்பதும் உண்மை. ஆனால் நிலத்தில் ஊன்றிய தொழிற்சாலை நிலத்தில் நின்றது. போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்கள் அங்கே பழுதுபார்க்கப்பட்டன. சுதந்திரத்தின் பின் அது பாரதத்தின் பெரும் விமானத் தொழிற்சாலையாயிற்று. பெங்களூரில் இன்று நிற்கின்ற ஆகாயத் தொழில்கள் பலவற்றுக்கும் வேர் அதுவே.

மைசூர் ஒரு சுதந்திர நாடன்று. வெள்ளையரின் மேலாதிக்கத்துக்கு அடங்கிய சமஸ்தானம். படையும் வெளிநாட்டு விவகாரமும் அதன் கையில் இல்லை. ஆனால் தன் நிலத்தை யாருக்குக் கொடுப்பது, தன் திறைசேரியிலிருந்து எதற்குச் செலவழிப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு இருந்தது. எல்லாம் அந்த அதிகாரத்திலே தொங்கியது.

இப்போது எமது பக்கம் திரும்புவோம். பெங்களூரில் தொழிற்சாலை எழுந்த அதே உலகப் போரின்போதுதான் பலாலியிலே ஆங்கிலேய விமானப்படை ஓடுபாதை அமைத்தது. இரண்டும் ஒரே போரின் பிள்ளைகள். 1947 டிசம்பர் 10ஆந் திகதி எயார் சிலோன் கம்பனியின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து எழுந்து, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்குப் பறந்தது. இலங்கையின் சிவில் விமான சேவை தன் முதல் நாளிலேயே யாழ்ப்பாணத்து மண்ணைத் தொட்டது. 1950இல் அருகிலேயே சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. துறைமுகம், புகையிரதம், விமான நிலையம், தொழிற்சாலை, கணிதமும் பௌதிகமும் கற்ற இளைஞர் கூட்டம் எல்லாம் சில மைல் வட்டத்துக்குள்! மிர்ஸா இஸ்மாயிலிடம் இவ்விடத்தைக் கொடுத்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

நடந்தது யாவரும் அறிந்ததே. 1971இல் எஞ்சினியரிங் படிக்கப் புகுவதற்குச் சிங்களத்திற் பரீட்சை எழுதியவனுக்கு 227 புள்ளி போதும், தமிழில் எழுதியவனுக்கு 250 வேண்டும் என்று வகுத்தனர். அடுத்து வந்த தரப்படுத்தல் முறைகள் அந்தக் கதவை இன்னும் ஒடுக்கின. கற்றவர் கப்பலேறினர். 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் தம் செம்மண் தோட்டங்களையும் கிணறுகளையும் விட்டு ஓடினர்; அவ்வாண்டிலேயே சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கி ஓய்ந்தது. ஓடுபாதையைச் சுற்றி முள்வேலி விரிந்து, உயர் பாதுகாப்பு வலயம் என்று பெயர் பெற்றது. 2009இல் போர் முடிந்த பின் நிலம் பகுதி பகுதியாக, அரசாங்கத்துக்கு மனம் இரங்கிய போதெல்லாம் விடுவிக்கப்பட்டது. 2019 ஒக்டோபரிற் பலாலிக்கு 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' என்று பெயர்ப்பலகை ஏறிய நாளிலும், அயலிலே தம் காணிக்குள் கால்வைக்க முடியாத கமக்காரர் வேலிக்கு வெளியே நின்றனர்.

பாதுகாப்புத் துறை எமது குடாநாட்டுக்கு வராமல் இல்லை. வந்தது, பட்டறையாக வரவில்லை, பாசறையாக வந்தது.

மாகாண சபை இருக்கிறதே என்பார்கள். 1987இன் 13ஆந் திருத்தம் அச்சபைக்குக் காணி அதிகாரத்தை ஒரு கையால் நீட்டி, அரச காணியெல்லாம் குடியரசுக்கே உரியது என்று மறு கையால் இழுத்துக்கொண்டது. வடமாகாணத்துக்கு முதற் தேர்தல் நடந்ததே 2013இல். 2018 ஒக்டோபரில் அதன் ஆயுள் முடிந்ததும் ஆட்சி ஆளுநர் கைக்குப் போயிற்று. சிக்காகோவிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ ஒரு தமிழன் பணத்தையும் அறிவையும் கொண்டுவந்து, 'ஐம்பது ஏக்கர் தாருங்கள், ஆய்வுகூடம் அமைக்கிறேன்' என்று கேட்டால், தருகிறேன் என்று சொல்ல இங்கே திவான் யார்? கொழும்பிலே பல திணைக்களங்களின் படியேறி இறங்க வேண்டும். வால்சந்த் ஆனாலும் அலுத்துப் போவார்.

குற்றம் முழுவதையும் கொழும்பின்மேல் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கவும் முடியாது. திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகத்தின் பௌதிகவியற் பகுதியார் சூரிய மின்கலங்களைப் பற்றி வருடக்கணக்காக ஆராய்ச்சி செய்து வருகின்றனர். கிளிநொச்சி அறிவியல் நகரில் எஞ்சினியரிங் பீடமும் எழுந்துள்ளது. ஊர்ச் சங்கங்களுக்குக் கடல்கடந்து வருகின்ற பணத்தில் இவற்றுக்கு எத்தனை சதம் போகிறது? கோபுரம் உயர்கிறது, கலியாண மண்டபம் உயர்கிறது. வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பட்டம் பெற்ற பையன் கையில் ஒரு நல்ல நுணுக்குக்காட்டியும் இல்லாமல், கடவுச்சீட்டு அலுவலகத்தின் வரிசையில் நிற்கிறான்.

கமக்காரர் இதிலே எமக்கென்ன என்று எண்ணவேண்டாம். தண்ணீர் போதிய இலை குளிர்ந்திருக்கும். தாகமெடுத்த இலை சூடேறும். கண்ணுக்கு வாட்டம் தெரியுமுன்னரே வெப்பத்தைக் காணும் கருவிக்கு அது தெரியும். படையினர் வைத்திருக்கும் விலையுயர்ந்த கருவி இதற்கு வேண்டியதில்லை. அதே இனத்தைச் சேர்ந்த மலிவான கருவிகள் போதும். குடாநாட்டிலே ஓடுகின்ற ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கிய மழைநீரே எமது வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் உயிர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறுகிறது. கண்டபடி உரம் போட்டால் நைத்திரேற்று கிணற்றுக்குள் இறங்குகிறது. எந்தப் பாத்திக்கு இன்று தண்ணீர் வேண்டும், எதற்கு நாளை போதும் என்று சொல்லித்தருகின்ற கருவி, இறைப்பு இயந்திரத்தின் எண்ணெய்ச் செலவையும் மிச்சப்படுத்தும், கிணற்றையும் காக்கும். போருக்கென்று வளர்ந்த அறிவின் பாதியை வாழ்வுக்கென்று இங்கே இறக்குவது இவ்வாறே.

ஆகையால் மூன்று தரப்பினரிடம் கேட்கிறோம். வலிகாமம் வடக்கிலே படையினர் கையிலுள்ள நிலத்தில், கமக்காரரின் காணியைக் கமக்காரருக்கும், அரசாங்கக் காணியில் ஒரு பங்கைப் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களுக்கும் எழுதிக்கொடுக்குமாறு பாராளுமன்றத்திலே தமிழ்ப் பிரதிநிதிகள் பிரேரணை கொண்டுவரட்டும். கடல்கடந்த ஊர்ச் சங்கங்கள் தத்தம் ஆண்டு வரவில் பத்தில் ஒரு பங்கைப் பௌதிகவியற் பகுதிக்கும் எஞ்சினியரிங் பீடத்துக்கும் ஒதுக்கட்டும். மேல்நாட்டிலே கம்பனி நடத்துகின்ற எம் அறிஞர்கள், பொன்னாடைக்கு வரும் இரண்டு நாளை இரண்டு மாதமாக நீட்டி, திருநெல்வேலியிலும் அறிவியல் நகரிலும் மாணவரோடு ஒரே மேசையில் இருந்து வேலை செய்யட்டும். அடுத்த பெரும்போக வெங்காயம் நடுமுன், ஒரு தோட்டத்திலாவது அக்கருவியை நாட்டிப் பார்க்கலாம். தோட்டம் தரக் கமக்காரர் இருக்கின்றனர்.