வெளிநாட்டு 'ஹெலிகேம்'களுக்கு முழு தடை வருமா? கட்டபொம்மன் மண்ணில் டிரோன் ஓட்டும் வாலிபர்கள் உஷாராவது எப்படி?

பாஞ்சாலங்குறிச்சி:

கல்யாணம் என்றால் மேளம், நாதஸ்வரம் மட்டும் இருந்த காலம் போச்சு. இப்போது மாப்பிள்ளை அழைப்பு வரும்போது தலைக்கு மேல் 'ஹெலிகேம்' சத்தமும் கேட்டாக வேண்டும். ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி, குறுக்குச்சாலை, புதியம்புத்தூர் என்று சுற்று வட்டாரத்தில் காதுகுத்து முதல் கோவில் கொடை வரை இதே கதைதான்.

இந்த ஹெலிகேம் எனப்படும் கேமரா டிரோன்களில் பெரும்பாலானவை சீன தயாரிப்பு. நகையை அடகு வைத்தும், வட்டிக்கு கடன் வாங்கியும் வாங்கப்பட்டவை பல. "வெளிநாட்டு டிரோனை மொத்தமாக தடை செய்யப் போகிறார்களாமே" என்ற பேச்சு கிளம்பும் போதெல்லாம் இவர்கள் வயிற்றில் புளி கரைகிறது.

தடை வருமா? வந்தால் பிழைப்பு என்ன ஆகும்? இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

தடை புதுசு இல்லை

பலருக்கு தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இந்தியாவில் வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்கு ஏற்கனவே தடை இருக்கிறது. 2022-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குனரகம் இதற்கான உத்தரவை போட்டது. முழு டிரோனாகவும் கொண்டு வரக்கூடாது, பிரித்து பெட்டியில் போட்டு கொண்டு வந்து இங்கே மாட்டவும் கூடாது. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு பணிகளுக்கு மட்டும் அனுமதியின் பேரில் விலக்கு.

ஆனால் உதிரி பாகங்களை இறக்குமதி செய்ய தடை இல்லை. உள்நாட்டில் டிரோன் செய்யும் கம்பெனிகள் மோட்டார், பேட்டரி, சிப் போன்றவற்றை வெளியில் இருந்து வாங்கித்தான் ஓட்ட வேண்டி இருந்தது என்பதால் இந்த சலுகை.

அப்படி என்றால் இன்று பறக்கும் சீன டிரோன்கள் எப்படி வந்தன? தடைக்கு முன்பு வாங்கியவை, கை மாறிய பழைய செட்டுகள், பில் இல்லாமல் வந்தவை என்று 3 வகை. விமான பயணிகள் மறைத்து எடுத்து வரும் டிரோன்களை சுங்க இலாகாவினர் பறிமுதல் செய்யும் செய்திகள் அவ்வப்போது வருவது இந்த 3-வது வகையை பற்றித்தான்.

ஆக, கடை கதவு 2022-லேயே சாத்தியாச்சு. பாக்கி இருக்கும் கேள்வி, கையில் இருப்பதை எத்தனை நாள் பறக்க விடலாம் என்பதுதான்.

அமெரிக்காவின் அதிரடி

அமெரிக்காவில் 2025-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி அந்நாட்டு தகவல் தொடர்பு ஆணையம் வெளிநாட்டு டிரோன்களையும், அவற்றின் முக்கிய பாகங்களையும் பாதுகாப்புக்கு ஆபத்தானவை என்ற பட்டியலில் சேர்த்தது. ஏற்கனவே அனுமதி பெற்ற மாடல்களை பயன்படுத்தலாம், புதிய மாடல்களுக்கு அனுமதி கிடையாது என்பது அதன் சாராம்சம். அங்கும் பழைய டிரோன்களை பிடுங்கவில்லை. புதுசு வரும் வழியைத்தான் அடைத்தார்கள்.

இந்தியாவிலும் பாதுகாப்பு பயம் சும்மா வந்ததில்லை. 2021-ம் ஆண்டு ஜூன் மாதம் ஜம்மு விமானப்படை தளத்தில் டிரோன் மூலம் குண்டு வீசப்பட்டது. 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் நடந்த மோதலில் இரு பக்கமும் டிரோன்கள் பறந்தன. அதே ஆண்டு, சீன பாகங்கள் இருப்பதாக கூறி ராணுவத்துக்கான 400 டிரோன்களின் ஒப்பந்தம் ரத்து செய்யப்பட்டது.

எல்லையில் குண்டு வெடித்தால் ஓட்டப்பிடாரத்தில் கல்யாண வீடியோ எடுப்பவருக்கு என்ன என்று கேட்கலாம். 2020-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி டிக்டாக் உள்பட 59 சீன செயலிகள் ஒரே இரவில் முடக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த டிரோன்களும் செல்போன் செயலி மூலம்தான் ஓடுகின்றன.

புது மசோதாவில் என்ன இருக்கு?

2025-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் மத்திய விமான போக்குவரத்து அமைச்சகம் சிவில் டிரோன் மசோதாவின் வரைவை வெளியிட்டு கருத்து கேட்டது. தர சான்று இல்லாத டிரோனை தயாரிக்கவோ, விற்கவோ, பறக்க விடவோ கூடாது என்றும், மீறினால் ஜெயில் தண்டனை வரை போகலாம் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. 'வெளிநாட்டு டிரோனுக்கு தடை' என்று தனியாக சொல்ல வேண்டியதே இல்லை. தர சான்று என்ற ஒரு வார்த்தை போதும், பழைய சீன செட்டுகள் பல தானாக வெளியே போய்விடும்.

இப்போது உள்ள 2021-ம் ஆண்டு டிரோன் விதிகளும் லேசானவை அல்ல. டிரோனுக்கு தனி அடையாள எண் வேண்டும். மீறினால் ரூ.1 லட்சம் வரை அபராதம். பழைய டிரோன்களை பதிவு செய்ய 2021-ம் ஆண்டு கடைசியில் ஒரு வாய்ப்பு தரப்பட்டது. அதை விட்டவர்கள், பில் இல்லாமல் வாங்கியவர்கள் நிலைமைதான் சிக்கல்.

முதலில் ஆளுக்கு சான்றிதழ்

டிரோன் தொழிலில் இருப்பவர்கள் செய்யும் பெரிய தப்பு, கையில் காசு வந்ததும் அடுத்த மாடல் மிஷின் வாங்குவது. செய்ய வேண்டியது அதற்கு நேர் எதிர். மிஷினுக்கு முன்னால் பைலட் சான்றிதழ்.

காரணம் எளிது. பைலட் சான்றிதழ் எந்த கம்பெனி டிரோன் என்று பார்த்து தரப்படுவது இல்லை. டிரோனின் வகை, எடை பார்த்துதான் தரப்படுகிறது. நாளைக்கே சீன டிரோனை மூட்டை கட்டி வைக்க சொன்னாலும், சான்றிதழ் உள்ளவர் உள்நாட்டு டிரோனை கையில் எடுத்து மறுநாளே வேலைக்கு போகலாம்.

வயது 18 முதல் 65-க்குள் இருக்க வேண்டும். 10-ம் வகுப்பு பாஸ் போதும். சிவில் விமான போக்குவரத்து இயக்குனரகம் (டி.ஜி.சி.ஏ.) அங்கீகரித்த பயிற்சி மையத்தில் படித்து தேற வேண்டும். சான்றிதழ் 10 ஆண்டு செல்லும். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகமும், தமிழக அரசின் ஆளில்லா விமான கழகமும் பயிற்சி அளிக்கின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியின வாலிபர்களுக்கு தாட்கோ மூலம் பயிற்சி அறிவிப்புகள் வந்துள்ளன. மாவட்ட தாட்கோ அலுவலகத்தில் விசாரித்தால் விவரம் கிடைக்கும்.

சேரும் முன் 2 கேள்வி கேட்க வேண்டும். மையத்துக்கு டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா? எந்த எடை வகுப்புக்கு சான்றிதழ்? '2 நாள் டிரோன் கோர்ஸ்' என்று அச்சடித்து தரும் காகிதம் போலீசில் செல்லாது.

250 கிராம் வரையிலான 'நானோ' டிரோனுக்கும், 2 கிலோ வரையிலான 'மைக்ரோ' டிரோனை சொந்த பொழுதுபோக்குக்கு விடுவதற்கும் பைலட் சான்றிதழ் தேவை இல்லை. ஆனால் 'மைக்ரோ' டிரோனை கூலிக்கு பறக்க விட்டால் சான்றிதழ் கட்டாயம். நானோவை தவிர மற்றவற்றுக்கு இன்சூரன்சும் வேண்டும். கல்யாண கூட்டத்தில் டிரோன் விழுந்து ஒருவர் மண்டை உடைந்தால், இன்சூரன்ஸ் இல்லாதவர் வீட்டை விற்க வேண்டி வரும்.

பேட்டரிதான் உயிர்

பதிவு உள்ள வெளிநாட்டு டிரோன் வைத்திருப்பவர்கள் பில், பதிவு எண், இன்சூரன்ஸ் நகல் மூன்றையும் செல்போனிலும், காகிதத்திலும் வைத்துக்கொள்வது நல்லது.

தடை கெடுபிடியானால் முதலில் தட்டுப்பாடு வருவது பேட்டரிக்குத்தான். சீனாவும் தன் பங்குக்கு 2023, 2024-ம் ஆண்டுகளில் டிரோன், உதிரி பாக ஏற்றுமதிக்கு கட்டுப்பாடு போட்டது. ஆனால் பயந்து போய் 10 பேட்டரி வாங்கி பீரோவில் அடுக்குவதும் வீண். லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தாலும் கெடும். முழு சார்ஜிலோ, சுத்தமாக இறங்கிய நிலையிலோ வைக்காமல் பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வைத்தால் ஆயுள் நீடிக்கும். வயிறு உப்பிய பேட்டரியை தொடவே கூடாது. தீப்பிடிக்கும்.

கடற்கரை பக்கம் படம் எடுப்பவர்களுக்கு இன்னொரு எதிரி உப்புக்காற்று. தூத்துக்குடி கடற்கரை, உப்பளம் பக்கம் பறந்து வந்த டிரோனை அன்றைக்கே உலர்ந்த துணியால் துடைத்து வைக்காவிட்டால் மோட்டார் துரு பிடிக்கும். செயலி ஓடுகிற பழைய செல்போனையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டு செட்டுக்காக புதுக்கடன் மட்டும் வேண்டவே வேண்டாம். 3 வருஷ தவணை, 1 வருஷத்தில் மிஷினுக்கு வேலை இல்லை என்றால் மீதி 2 வருஷம் யார் கட்டுவது?

மார்கழியில் என்ன வேலை?

உள்நாட்டு டிரோனுக்கு மாறுவதில் ஒரு சங்கடம் உண்டு. கல்யாண வீடியோவுக்கு தோதான சின்ன கேமரா டிரோனில் உள்நாட்டு தயாரிப்புகள் குறைவு. ஆனால் வயலுக்கு மருந்து அடிக்கும் டிரோனில் நிலைமை தலைகீழ். 2021 விதிகளின் கீழ் முதல் தர சான்று பெற்றதே, 2022 ஜூன் மாதம், அரியானா கம்பெனி ஒன்றின் விவசாய டிரோன்தான். சென்னையிலேயே விவசாய டிரோன் தயாரிக்கும் கம்பெனிகள் உள்ளன.

ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் கரிசல் காட்டில் மழையை நம்பி மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு, பருத்தி விதைக்கிறார்கள். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் கார்த்திகை, மார்கழியில் மருந்து அடிக்க ஆள் தேடி அலைய வேண்டும். மக்காச்சோளம் ஆள் உயரம் வளர்ந்த பிறகு உள்ளே புகுந்து படைப்புழுவுக்கு மருந்து அடிப்பது லேசான காரியம் இல்லை. அடிப்பவருக்கும் ஆபத்து. டிரோன் ஒரு ஏக்கரை 10 நிமிடத்துக்குள் முடித்து விடும்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. ஹெலிகேம் பெட்டிக்குள் தூங்கும். அதே மார்கழியில்தான் காட்டில் மருந்து அடிக்கும் வேலை. ஒரே சான்றிதழில், முகூர்த்த மாதத்தில் மண்டபமும், மார்கழியில் வயலும் என்று ஓட்டினால் தவணை நிற்காது. சேரும்போதே மருந்து டிரோனின் எடைக்கும் செல்லுபடியாகிற சான்றிதழா என்று பார்த்து சேர வேண்டியது இதற்காகத்தான்.

மருந்து டிரோன் விலை லட்சக்கணக்கில் போகும். தனி ஆளாக தாங்காது. மத்திய அரசு திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு பாதி விலை, அதிகபட்சம் ரூ.5 லட்சம் வரை மானியம் அறிவிக்கப்பட்டது. மகளிர் குழுக்களுக்கான 'நமோ டிரோன் தீதி' திட்டத்தில் 80 சதவீதம், அதிகபட்சம் ரூ.8 லட்சம். குழுவிடம் மிஷின், வாலிபரிடம் சான்றிதழ் என்று கூட்டு சேரவும் வழி உண்டு. 2025 செப்டம்பர் 22-ந் தேதி முதல் டிரோன்களுக்கு ஜி.எஸ்.டி. ஒரே சீராக 5 சதவீதம் ஆனதும் கொஞ்சம் ஆறுதல்.

வாங்கும்போது 'மேட் இன் இந்தியா' ஸ்டிக்கரை பார்த்து ஏமாறக்கூடாது. தர சான்று எண், அடையாள எண், உதிரி பாகம் எங்கே கிடைக்கும், ரிப்பேருக்கு எத்தனை நாள் ஆகும் என்று எழுதி வாங்க வேண்டும்.

ஊர்க்கட்டுப்பாடும் உண்டு

சான்றிதழ் இருந்தாலும் நினைத்த இடத்தில் பறக்க முடியாது. வாகைக்குளம் விமான நிலைய சுற்றுச்சுவரில் இருந்து 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்கு மேல் போக அனுமதி வாங்க வேண்டும். நெருங்க நெருங்க கெடுபிடி அதிகம். துறைமுகம், மன்னார் வளைகுடா தீவுகள், குலசேகரப்பட்டினம் ராக்கெட் தளம் பக்கம் கேட்காமல் டிரோனை எடுக்கவே கூடாது.

பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோவில் திருவிழா மே மாதம் நடக்கும்போது மாவட்டத்தில் 144 தடை உத்தரவு போடுவது வழக்கமாக இருந்து வருகிறது. 2024 ஜூலை முதல் அது புது சட்டத்தில் 163-வது பிரிவு. அந்த நேரத்தில் கோட்டைக்கு மேல் கேட்காமல் டிரோன் விட்டால் மிஷினும் போகும், வழக்கும் வரும். போலீசில் எழுத்து மூலம் அனுமதி வாங்கி வைத்தவருக்கு பயம் இல்லை.

வ.உ.சி. ஓட்டிய கப்பல்

பக்கத்து ஊரான ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., 1906-ம் ஆண்டு வெள்ளைக்காரனுக்கு எதிராக தூத்துக்குடியில் சுதேசி கப்பல் கம்பெனி தொடங்கினார். அவர் வாங்கி ஓட்டிய காலியா, லாவோ கப்பல்கள் வெளிநாட்டில் கட்டியவைதான். 1908-ல் அவர் ஜெயிலுக்கு போனார். கம்பெனி நொடித்தது. கப்பல்களும் கை மாறிப் போயின.

வெளியூர் மிஷின் என்றைக்கு வேண்டுமானாலும் கையை விட்டுப் போகும். ஓட்டத் தெரிந்த கையும், அதற்கு அரசாங்கம் தந்த சான்றிதழும் போகாது. ஒவ்வொரு கல்யாண வேலையிலும் ரூ.500 தனியாக எடுத்து வைத்தால், மாதம் 8 வேலைக்கு ரூ.4 ஆயிரம், ஒரு வருஷத்தில் ரூ.48 ஆயிரம். பயிற்சி கட்டணத்தின் பெரும்பகுதியை அதிலேயே தேற்றி விடலாம்.

தடை வரட்டும், வராமல் போகட்டும். அந்த பணம் வீண் போகாது.