மீனைத் தேடும் முன் கேள்வியைத் தேடுங்கள்

பி.காம். கடைசி வருடம் படிக்கிற எனக்கும் மீன்வள ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். குழம்பில் போட்டால் சாப்பிடுவேன், அவ்வளவுதான் சம்பந்தம். ஆனால் போன வருடம் என் பெரியம்மா மகள் மீன்வள முதுநிலைப் படிப்புக்கான ஆராய்ச்சியைத் தொடங்கினாள். அவள் எழுதி வருகிற எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை எனக்கு. அதில் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவின் திட்டம் எளிமையானது. விசைப்படகுகள் வந்து சேரும் துறைமுகத்தில் மாதம் இருமுறை சங்கரா மீன் வாங்க வேண்டும். நீளமும் எடையும் அளக்க வேண்டும். மீன் எப்படி வளர்கிறது, அளவுக்கு மீறிப் பிடிக்கிறார்களா என்று ஒரு வருடத்தில் சொல்லிவிடலாம். பிப்ரவரியில் ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 15 வந்தது. கிழக்குக் கடற்கரையில் அன்று முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. துறைமுகத்தில் டீக்கடைப் பையனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆனால் திட்டத்தில் 12 மாதமும் ஒன்றுபோலத்தான் இருந்தது! சரி, அந்த இரண்டு மாதம் நாட்டுப்படகுக்காரர்களிடம் வாங்கலாம் என்று வாங்கினாள். நானும் அதே பட்டியலில் ஏற்றினேன். மே மாதம் மீனெல்லாம் திடீரென்று பெரிதாகிவிட்டது. வளர்ந்துவிட்டது என்று இருவரும் சந்தோஷப்பட்டோம்.

வளர்ந்தது மீன் இல்லை, மாறியது வலை. இழுவை வலை பொடி மீனையும் சேர்த்து அள்ளி வரும். நாட்டுப்படகில் போட்டது செவுள் வலை. அதன் கண்ணில் மாட்டும் அளவுள்ள மீன்தான் அதில் வரும், சின்னது நழுவிப் போய்விடும்.

இன்னொன்றும் இருந்தது. ஏலம் எடுக்கும் ஒரு அம்மா ஒருநாள் சிரித்துக்கொண்டே, "நீ வாங்குறது நாங்க தரம் பிரிச்சுப் போட்டதுதானே தாயி, பொடிசெல்லாம் கருவாட்டுக்கும் கோழித் தீவனத்துக்கும் போயிருச்சே" என்றாராம். எங்கள் பாடத்தில் தணிக்கை என்று ஒன்று உண்டு. எந்த ரசீதைச் சரிபார்ப்பது என்று காசாளரே பொறுக்கிக் கொடுத்தால் அது தணிக்கையா? அக்கா ஆறு மாதமாக அதைத்தான் செய்திருக்கிறாள்.

இது ஒரு மாணவியின் தவறு மட்டும் இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் மீனுக்கு நடந்ததைப் பாருங்கள். 1980களில் கரையோர மீனவர்கள் மீன் குறைகிறது, சிறுக்கிறது என்று சொன்னார்கள். ஆனால் பெரிய இழுவைக் கப்பல்களுக்கு நல்ல மீன் கிடைத்துக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த மீன் கூட்டமாகச் சேர்ந்த இடத்தைக் கருவிகளால் தேடிப் பிடித்தார்கள். அந்தக் கணக்கையும் நம்பி இருப்பை அதிகமாக மதிப்பிட்டார்கள். 1992 ஜூலை 2 அன்று காட் மீன்பிடிப்புக்குத் தடை வந்தது. சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். இரண்டு வருடத்துக்கு என்று சொன்ன தடை 2024இல்தான் விலகியது.

அதனால் என் கருத்து இதுதான். ஆராய்ச்சியில் முக்கியமான பகுதி மீனை அளப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. கேள்வியை ஒரே வரியில் எழுத முடிய வேண்டும். எந்த வலை, எந்த மாதம், தரம் பிரிப்பதற்கு முன்பா பின்பா என்று முடிவு செய்ய வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு மாதமாவது அளவுகோல் இல்லாமல் கரையில் போய் உட்கார்ந்து, அங்கிருப்பவர்களிடம் திட்டத்தைச் சொல்லி, "இதில் என்ன தப்பு?" என்று கேட்க வேண்டும்.

இரண்டு வருடப் படிப்பில் இதற்கெல்லாம் நேரம் ஏது, படகுக்கும் மீனுக்கும் பணம் ஏது என்று கேட்கலாம். நியாயம்தான். நேரமும் பணமும் குறைவு என்றால் கேள்வியைச் சின்னதாக்க வேண்டும். பெரிய கேள்விக்குத் தவறான பதிலைவிடச் சின்னக் கேள்விக்குச் சரியான பதில் மேல்.

அக்காவும் கடைசியில் அதைத்தான் செய்தாள். இந்தத் துறைமுகத்தின் இழுவை வலையில், தரம் பிரிக்கும் முன், எந்த அளவு சங்கரா வருகிறது? இவ்வளவுதான் இப்போது அவள் கேள்வி. பழைய எண்களை ஒதுக்கிவிட்டாள். அரை வருடம் போனது, பெரியப்பாவிடம் திட்டும் வாங்கினாள். ஒரு படகுக்காரர் பிரிப்பதற்கு முன் ஒரு கூடை மீன் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்ட எண்களை வைத்துத்தான் நாளைக்கு யாரோ வலைக்கண் அளவையும் தடைக்காலத்தையும் முடிவு செய்யப் போகிறார்கள். அரை வருடம் வீணானதில் அக்காவுக்கு ஒரு பருவத் தேர்வு தள்ளிப்போனது. அந்த எண்கள் அப்படியே அச்சேறியிருந்தால் அந்தக் கூடை கொடுக்கிறவர் வீட்டு அடுப்பல்லவா அணைந்திருக்கும்?