பையில் ஒரு நம்பர்... ஃபேஸ்புக்கில் ஒரு நம்பர்!

‘பாரம்பர்ய நெல் ரகங்களைச் சாகுபடி செய்து, அரிசியாக்கி நேரடியாக விற்று வருகிறோம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப், வாட்ஸ்அப் என எல்லாவற்றிலும் கணக்கு இருக்கிறது. வாடிக்கையாளர்கள் குழம்பிப்போகிறார்கள். இவற்றை ஒரே இடத்தில் கொண்டுவர வழி உண்டா?’

- வாசகி, திருவாரூர் மாவட்டம்.

கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி... இந்த மூன்று ரகங்கள்தான் இந்த வாசகியின் வீட்டு விற்பனை. அரிசிப் பையில் அச்சடித்திருப்பது கணவரின் நம்பர். ஃபேஸ்புக் பக்கத்தில் இருப்பது அக்கா மகனின் பழைய நம்பர். பக்கத்தைத் தொடங்கிக் கொடுத்ததும் அவர்தான். இப்போது துபாயில் வேலை பார்க்கிறார். யூடியூப் சேனல், கல்லூரியில் படிக்கும் மகளின் இமெயிலில் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் பண்ணையின் பெயரே வேறு. பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில்லை. நகைக்கடன் ரசீதைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிற வீடுகளில்கூட இந்தக் கணக்குகளின் நிலைமை இப்படித்தான் இருக்கிறது.

ஒரே இடத்தில் இணைப்பது அரை மணி நேர வேலை. ஆனால், அதற்கு முன்பு கவலைப்பட வேண்டியது அந்தத் துபாய்க்காரரின் பழைய நம்பரைப் பற்றித்தான். அதற்கு ரீசார்ஜ் செய்து ஓராண்டுக்கு மேலாகிறது என்று கடிதத்தில் இருக்கிறது. இப்படி முடங்கிய நம்பரை, குறைந்தது 90 நாள்கள் கழித்து செல்போன் நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். வாங்கியவர் வாட்ஸ்அப் தொடங்கினால், ‘ரெண்டு கிலோ கவுனி வேணும்’ என்ற செய்தி அவருக்குத்தான் போகும். நல்லவராக இருந்தால், ‘ராங் நம்பர்’ என்பார். இல்லையென்றால், ‘முன்பணம் போடுங்க’ என்பார். பணத்தை இழந்தவர் திட்டுவது பண்ணையின் பெயரைச் சொல்லித்தான். அதே நம்பருக்கு ஓ.டி.பி வரவழைத்து, ஃபேஸ்புக் கணக்கையே கைப்பற்றவும் வாய்ப்பிருக்கிறது.

அதனால், முதலில் அக்கா மகன் தன் கணக்கிலிருந்து பழைய நம்பரை நீக்க வேண்டும். பிறகு, பண்ணையின் பக்கத்துக்கு முழுக் கட்டுப்பாட்டையும் வாசகிக்குக் கொடுக்க வேண்டும். துபாயில் இருந்தபடியே இதைச் செய்யலாம். அவருடைய பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கத் தேவையில்லை. வாங்குவது முறையும் இல்லை. முழுக் கட்டுப்பாடு உள்ளவர் மற்றவர்களை நீக்கிவிட முடியும் என்பதால், வீட்டில் இருவருக்கு மேல் அதைக் கொடுக்கக் கூடாது. யூடியூப் சேனலுக்கும் இதேபோல, மகள் தன் கணக்கிலிருந்தே அம்மாவுக்கு அனுமதி கொடுக்கலாம்.

அடுத்து, பண்ணைக்கென்று தனியாக ஒரு சிம், ஒரு இமெயில். சிம், விற்பனையைக் கவனிக்கிற வாசகியின் பெயரிலேயே இருக்கட்டும். எல்லாக் கணக்குகளிலும் இந்த நம்பரையும் இமெயிலையும் சேர்த்துவிட்டு, பழையவற்றை எடுத்துவிட வேண்டும். இந்த நம்பரில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போட்டால் முகவரி, விற்பனை நேரம், அரிசி ரகங்களின் படம், விலை எல்லாவற்றையும் அதிலேயே பதியலாம். கட்டணம் இல்லை. இரண்டடுக்குப் பாதுகாப்புக்கான ஆறு இலக்க எண்ணை மறக்காமல் வைத்து, வீட்டு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பெயரும் படமும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘கவுனி’ என்பதை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறார்கள். பண்ணையின் பெயரில் அந்தச் சொல் இருந்தால் ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து, கடைசிவரை அதையே பயன்படுத்த வேண்டும்.

இனி, வாசகி கேட்ட ‘ஒரே இடம்’. லிங்க்ட்ரீ போன்ற தளங்களில் இலவசமாக ஒரு பக்கம் தொடங்கி, எல்லாக் கணக்குகளின் இணைப்புகளையும் வரிசையாகப் போடலாம். இன்ஸ்டாகிராம் முகப்பிலேயே ஐந்து இணைப்புகள் வரை கொடுக்கலாம். ஆனால், வரிசையில் முதலாவதாக வாட்ஸ்அப் இருக்கட்டும். வீடியோ பார்ப்பவர் பலர். அரிசி வாங்குபவர் வந்து சேரும் இடம் அதுதான்.

அந்தப் பக்கத்தின் கியூ.ஆர் கோடைப் பையில் அச்சடித்தால் ஒரு வசதி உண்டு. பிற்பாடு நம்பர் மாறினாலும் பக்கத்தில் திருத்தினால் போதும், பை வீணாகாது. கியூ.ஆர் கோடு தயாரித்துக் கொடுக்கும் சில தளங்களில் இலவசக் காலம் முடிந்ததும் கோடு வேலை செய்யாமல் போய்விடும். அச்சுக்குக் கொடுக்கும் முன்பு இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பணம் செலுத்தும் கியூ.ஆரைப் பையில் போடவே வேண்டாம். அதன்மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் பணம் வேறு எங்கோ போகும். அப்படி ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

பழைய இன்ஸ்டாகிராம் கணக்கு திறந்தால், உடனே அழித்துவிடக் கூடாது. புது நம்பரை அறிவித்து, சில மாதங்கள் அப்படியே விட்டுவைக்கலாம். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் விசிட்டிங் கார்டு வாங்கிப்போனவர் ஒரு வருடம் கழித்தும் தேடி வருவார். வாடிக்கையாளர்களிடம் புது நம்பரைத் தங்கள் போனில் பதிந்துகொள்ளவும் சொல்ல வேண்டும். பதியாதவர்களுக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் செய்தி போய்ச் சேராது.

தை அறுவடை முடிந்ததும் புதுப் பைகள் அச்சுக்குப் போகும். அதுவரை காத்திருக்காமல், துபாய்க்கு இந்த வாரமே பேசிவிடுவது நல்லது.