இடுப்பு நிமிர ஆறு மூச்சு

“நடவுக்குக் குனிந்த இடுப்பு, ராத்திரியானால் நிமிர மறுக்கிறது. ஐம்பது வயதில் யோகா செய்யலாமா?”
- வாசகி, கூடுவாஞ்சேரி

தாராளமாகச் செய்யலாம். உடம்பை முறுக்க வேண்டியதில்லை. கிருஷ்ணமாச்சாரியார் சென்னையில் கற்பித்ததும், அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய யோக மந்திரம் சொல்லித்தருவதும் இதுதான்: ஆளுக்கேற்ற ஆசனம், மூச்சோடு சேர்ந்த அசைவு.

சாப்பிடும் முன், பாய் விரித்துக் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றுங்கள். மூச்சை இழுத்தபடி நெஞ்சை நிமிர்த்துங்கள். விட்டபடி இடுப்பைக் குதிகால் பக்கம் கொண்டுபோங்கள். மூச்சு முடியும்போதுதான் அசைவும் முடிய வேண்டும். ஆறு முறை போதும். (நடவு வயல் அவசரம் இங்கே வேண்டாம்!) முழங்கால் வலித்தால் சாக்கை மடித்துக் கீழே போட்டுக்கொள்ளுங்கள்.

கால் மரத்துப்போனாலோ, வலி காலுக்கு இறங்கினாலோ ஆசனத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உங்களுக்கு ரயிலில் பக்கம்தான்.