விலைக்குப் பொய்க் காரணம் வேண்டாம்!



வரி ஏறினால் விலை ஏறும், அது நியாயம். ஏறிய வரிக்கும் மேலாக விலையை ஏற்றிவிட்டு, பழியை வரியின் மீது போட்டால் அதற்குப் பெயர் வியாபாரமா? ஆஸ்திரேலியா இந்தக் கேள்வியைச் சந்தித்தது.

2012 ஜூலை 1 முதல் அங்கே பெரும் ஆலைகளும் மின் நிலையங்களும் வெளியிடும் கார்பன் புகைக்கு டன்னுக்கு 23 டாலர் விதிக்கப்பட்டது. மின்கட்டணம் உயருமே, ஏழைக் குடும்பம் என்ன செய்யும்? அரசு ஓய்வூதியத்தையும் குடும்ப உதவித்தொகையையும் உயர்த்தியது. வருமான வரி விலக்கு வரம்பை 6,000 டாலரிலிருந்து 18,200 டாலராக்கியது.

ஒரு கை கொடுத்ததை மறு கை பறித்துவிடக் கூடாதே! அதற்கும் காவல் வைத்தார்கள். போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் விலையேற்றத்தைத் தடுக்கவில்லை. விலையேற்றத்துக்குப் பொய்க் காரணம் சொல்வதைத்தான் தடுத்தது. மீறும் நிறுவனத்துக்கு 11 லட்சம் டாலர் வரை அபராதம்! விலையை ஏற்றி, பழியைக் கார்பன் வரி மீது போடும்படி தன் கிளைகளுக்கு எழுதிய ரொட்டிக் கடை நிறுவனம் ஒன்று, இனி அவ்வாறு செய்யமாட்டோம் என்று ஆணையத்துக்கு உறுதிமொழி கொடுக்க நேர்ந்தது.

2014இல் அந்த வரி நீக்கப்பட்டபோதும், மின்சாரம், எரிவாயுவில் மிச்சமான தொகை வாடிக்கையாளரைச் சேர்கிறதா என்று அதே ஆணையம் கவனித்தது.

சிந்தியுங்கள்! வரி போடும் அரசு எளியவருக்கு ஈடு கொடுக்க வேண்டும். விற்பவரைக் கண்காணிக்கவும் வேண்டும். இளைஞர்களே, எந்த அரசிடமும் இவ்விரண்டையும் சேர்த்தே கேளுங்கள். வியாபாரிகளே, விலை ஏறும்போது உண்மைக் காரணத்தைச் சொல்லுங்கள். இறங்கும்போது கேட்காமலே குறையுங்கள். அதிகாரி வந்தாலும் வராவிட்டாலும் நம் கல்லாக் கணக்கு ஒன்றாகவே இருக்கட்டும்!