சத்தியம் வேண்டாம், காரணம் கேளுங்கள்



கார்த்திகை பிறந்தால் மட்டாஞ்சேரியில் சில வீடுகளுக்கு நிம்மதி பிறக்கும். வருஷம் முழுக்கக் குடித்த மனிதர் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிட்டால் 41 நாள் சொட்டுக்கூடத் தொடமாட்டார். விடியற்காலைக் குளியல், கறுப்பு வேட்டி. தெருவே "சாமி" என்று கூப்பிடும். ரமலானுக்காகவும் ஈஸ்டர் நோன்புக்காகவும் நிறுத்துகிறவர்களும் நம் ஊரில் உண்டு. மாலையைக் கழற்றிய பிறகு? கேரள அரசின் பெவ்கோ மதுக்கடை வரிசையில் அதே முகம்.

"இத்தனை நாள் இருக்க முடிஞ்ச மனுஷனால மிச்ச நாள் இருக்க முடியாதா? எல்லாம் திமிரு!" என்று பொருமுகிறோம். நியாயமான கோபம்தான். ஆனால் ஒன்றை யோசித்தீர்களா? மாலை போட்டது அவரே எடுத்த முடிவு. காரணமும் அவருடையது. கூட நிற்க குருசாமியும் நண்பர்களும் இருந்தார்கள். 42-ஆம் நாளுக்கு அவரிடம் சொந்தக் காரணம் எதுவும் இல்லை. இருப்பதெல்லாம் நம்முடைய காரணங்கள்: பிள்ளைகளின் ஃபீஸ், சீட்டுப் பணம், அக்கம்பக்கத்துப் பேச்சு.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் இதைப் பற்றி எழுதினார். குடிக்கிறவர் மனதில் விட வேண்டும் என்பதும் விட வேண்டாம் என்பதும் சேர்ந்தே கிடக்கின்றன. நாம் ஒரு பக்கம் நின்று வாதாடினால், அவர் மறுபக்கத்துக்கு வக்கீலாகிவிடுவார். 1993-இல் மில்லரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், கவுன்சலர் எவ்வளவுக்கு மோதினாரோ அவ்வளவுக்கு அவரிடம் வந்தவர் ஓராண்டு கழித்து அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. பயிற்சி பெற்றவரின் கண்டிப்புக்கே இந்தக் கதி என்றால், ராத்திரி பத்து மணிக்கு வாசலில் நாம் போடும் சண்டைக்கு?

வேறு எப்படித்தான் பேசுவது? காலையில், அவர் தெளிவாக இருக்கும்போது, ஒரே ஒரு கேள்வி. "மாலை போட்டிருந்தப்ப ராத்திரி தூக்கம் எப்படிங்க இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. மாடி ஏறினாலும் மூச்சு வாங்கலை."

அவ்வளவு போதும். "அப்ப விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே" என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிடுங்கள். மூச்சு வாங்கவில்லை என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார் அல்லவா? (கை நீட்டுகிற வீட்டுக்கு இந்த யோசனை பொருந்தாது. அங்கே உங்கள் பாதுகாப்புதான் முதலில், 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழையுங்கள்.)

பிள்ளை தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்குவதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. நெருக்கி வாங்கிய சத்தியம் உடைந்தால், அடுத்த முறை ஒளித்துக் குடிப்பார். அதைவிட, "இந்தச் சனிக்கிழமை சம்பளத்தை வீட்டில் கொடுத்துட்டுத்தான் வெளியே போவேன்" என்று அவராகச் சொல்லும் சின்னத் திட்டம் எவ்வளவோ மேல்.

வாசகிகள் பலர் ரகசியமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சோற்றில் தெரியாமல் கலந்து கொடுக்க மருந்து இருக்கிறதாமே? இருக்கிறது, டைசல்ஃபிராம். டென்மார்க்கில் 1948-இல் சிகிச்சைக்கு வந்த மருந்து. அதைச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சு படபடக்கும். ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் உள்ளவருக்கு உயிரே போகலாம். டாக்டர் பரிசோதித்து, குடிக்கிறவரும் சம்மதித்துச் சாப்பிட்டால் உதவும். திருட்டுத்தனமாக வேண்டவே வேண்டாம்.

மனது வைத்தால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. 2020 மார்ச் ஊரடங்கில் பெவ்கோ கடைகள் மூடியபோது, நம் மாநிலத்தில் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டது நினைவிருக்கும். டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசு உத்தரவு போட, டாக்டர்கள் எதிர்க்க, எறணாகுளத்தில் உள்ள ஹைகோர்ட் அதற்குத் தடை விதித்தது. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம். காலையில் கை நடுங்குவதால்தான் பாட்டிலைத் தேடுகிறார் என்றால், பேச்சுக்கு முன்னால் ஆஸ்பத்திரி.

அந்த நிலைக்குப் போகாதவர்களுக்குப் பேச்சு பலன் தருகிறதா? கோவாவில் சங்கத் அமைப்பு, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 377 ஆண்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தது. பேசியவர்கள் மனநல டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள். அதிகபட்சம் நாலே சந்திப்பு. மூன்று மாதத்தில் ஆபத்தான குடியிலிருந்து மீண்டவர்கள் 36 சதவீதம். அந்தப் பேச்சு கிடைக்காதவர்களில் 26. 2017-இல் வெளியான முடிவு இது. வானத்தை வளைத்த வெற்றி இல்லைதான். ஆனால் கத்தாமல், காசு கரையாமல் கிடைத்தது.

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டிடிகே மையத்தில், மனைவிக்கும் பெற்றோருக்கும் தனியாக ஆலோசனை உண்டு. அவர்களும் களைத்துப் போனவர்கள்தானே? குடிக்கிறவர் இன்னும் தயாராகவில்லை என்றாலும் நீங்கள் போய்ப் பேசலாம். கேரளத்தில் எக்சைஸ் துறையின் விமுக்தி திட்டத்துக்கு 14405 என்ற இலவச எண் இருக்கிறது.

நிறுத்திய மனிதர் கல்யாண வீட்டில் மறுபடி குடித்துவிட்டு வந்தால்? அன்று ராத்திரி சாப்பாடு போட்டுப் படுக்க விடுங்கள். மறுநாள் காலையில், இத்தனை நாள் எப்படிச் சமாளித்தார், நேற்று என்ன ஆனது என்று கேளுங்கள். டாக்டரைப் பார்க்கும் தேதி குறித்திருந்தால் அதை ரத்து செய்யாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்